எல்விஸின் முதல் ரெக்கார்டு... ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? வாங்கும் முன் இதையெல்லாம் கவனிங்க!

ஸ்பாட்டிஃபையில் ஒரே தட்டலில் கேட்டுவிடலாம். ஆனாலும், அதே பாட்டு இருக்கும் பழைய 7 இன்ச் ரெக்கார்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க ஆள் இருக்காங்க. 1954 ஜூலையில் வெளிவந்த எல்விஸ் பிரெஸ்லியின் முதல் சிங்கிள் அப்படிப்பட்டதுதான். வெளியிட்டது, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸ் நடத்திய 'சன் ரெக்கார்ட்ஸ்' என்ற சின்ன கம்பெனி. எண் 209. மஞ்சள் லேபிளில் ஒரு சேவல் நிற்கும்.

விலை இவ்வளவு என்றால் போலி வராமல் இருக்குமா? நிறையவே வந்திருக்கிறது. முதலில் லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மெம்ஃபிஸில் அச்சான பிரதிகளில் வட்டமாக மூன்று அழுத்தத் தடங்கள் தெரியும். அடுத்து, பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடத்தில் இருக்கும் வழுவழுப்பான வளையம். அங்கேதான் ரெக்கார்டின் ஜாதகமே இருக்கு! 209-ன் முதல் பக்கத்துக்கு யூ-128, மறுபக்கத்துக்கு யூ-129. சிவப்பு, நீலம் என்று கலர் ரெக்கார்டாகக் காட்டினால் யோசிக்கவே வேண்டாம், நடையைக் கட்டுங்க.

"அவ்வளவு காசுக்கு எங்கே போறது?" என்கிறீர்களா... வழி இருக்கு. 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ விக்டர் 35,000 டாலருக்கு வாங்கியது. சன் வெளியிட்ட ஐந்து சிங்கிள்களையும் தன் கறுப்பு லேபிளில் மறுபடி போட்டது. அதே பாட்டு, கிட்டத்தட்ட அதே காலம், விலை மட்டும் ரொம்பக் குறைவு. என்னைக் கேட்டால், புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இங்கேயே தொடங்கலாம்.

ஆன்லைனில் வாங்கும்போது இன்னொரு பொறி உண்டு. 'வெரி குட்' என்று போட்டிருந்தால் நல்ல நிலையில் இருக்கும்னு நம்பிடாதீங்க. சேகரிப்பாளர்கள் பாஷையில் அதற்கு அர்த்தம், பாட்டோடு சேர்ந்து கரகர சத்தமும் கேட்கும் என்பது. வெறும் 'குட்' என்றால்... சுவரில் மாட்டலாம். இவையெல்லாம் ஜூக்பாக்ஸிலும் டீன் ஏஜ் பார்ட்டிகளிலும் தேயத் தேய ஓடியவை. கீறல் இல்லாத பிரதி அபூர்வமாக இருப்பதற்குக் காரணமே அதுதான்.

நம்ம ஊர் சங்கதி ஒன்றும் இருக்கு. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும், கீழே விழுந்தால் உடையும் அரக்கு ரெக்கார்டுகளை மேற்கு நாடுகள் 1960 வாக்கில் கைவிட்டுவிட்டன. இந்தியாவில் அது தொடர்ந்ததால், பீட்டில்ஸ் பாடல்கள்கூட கல்கத்தா டம்டம் ஆலையில் 78-ஆக அச்சாயின. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் அதைத் தேடி அலைகிறார்கள்.

தாத்தாவின் பெட்டியில் அப்படி ஏதாவது கிடைத்தால், சாதா பிளேயரில் உடனே போட்டுப் பார்க்காதீங்க. 78-ன் பள்ளம் அகலமானது, எல்.பி ஊசி அதன் அடிவரை இறங்கி இரைச்சலைத்தான் கிளப்பும். அதற்கென்றே தடிமனான ஊசி தனியாகக் கிடைக்கிறது.