கான் மறைந்த பிறகும் அழியாத கூடாரம்

கழக்கூட்டத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொல்லம். மிளகுக்குப் பேர்போன அந்தத் துறைமுகமும் மங்கோலியரின் பெருநிலமும் சேர்ந்து இடம்பெற்ற பழைய ஐரோப்பிய வரைபடம் ஒன்று உண்டு. 1375-இல் மயோர்க்கா தீவில் உருவான கட்டலான் அட்லஸ். யூதக் கலைஞர் கிரெஸ்கஸ் ஆபிரகாம் வரைந்ததாகக் கருதப்படுகிறது. இப்போது பாரிஸில், பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

பதப்படுத்திய தோலில் வரைந்து வண்ணமும் பொன்னும் தீட்டிய வேலை. கரையோர ஊர்ப் பெயர்களைக் கரைக்குச் செங்குத்தாக, நிலப்பக்கம் எழுதியிருக்கிறார்கள். திசைகாட்டிக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. மேசையில் விரித்துச் சுற்றிவந்து பார்ப்பதற்கானது என்பதால் வடக்கு ஓரத்துப் படங்கள் நமக்குத் தலைகீழாகத் தெரியும். சீனத்துக்குப் போகும் வணிகக் கூட்டம் அங்கேதான் இருக்கிறது: முன்னே பொதி சுமந்த ஒட்டகங்கள், பின்னே குதிரைகளில் ஆட்கள். இரவில் குதிரைமேலேயே கண்ணயர்ந்து கூட்டத்தைவிட்டுப் பிரிந்தவனைப் பேய்கள் கூப்பிடும் என்று பக்கத்தில் குறிப்பு வேறு. மார்க்கோ போலோவின் நூலிலிருந்து வந்த கதை அது.

அட்லஸில் கொல்லத்து ராஜாவைக் கிறிஸ்தவர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கொல்லத்தை ஆண்ட வேணாட்டு அரசர்கள் கிறிஸ்தவர்களாக இருந்ததில்லை. ஆனாலும் அந்தப் பிழை எப்படி வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 849-ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு அங்கிருந்த தேவாலயத்துக்கு வணிக உரிமைகள் வழங்கியது. மிளகு வாங்க வந்தவர்கள் அந்தச் செல்வாக்கைப் பார்த்திருப்பார்கள். கப்பல்கள் போய்வந்துகொண்டே இருந்ததால் இந்தக் கரையைப் பற்றிய பிழைகள் திருந்தின. வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டை அடைந்தார். 1502-இன் கான்டினோ வரைபடத்திலேயே மேற்குக் கரை நமக்கு அடையாளம் தெரிகிற வடிவத்துக்கு வந்துவிட்டது.

உள்நிலத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. சீனத்தில் மங்கோலியர் ஆட்சி 1368-இலேயே கவிழ்ந்தது. அட்லஸிலோ மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் இன்னும் அரியணையில் இருக்கிறார். செய்தி கொண்டுவர ஆளில்லாத இடத்தில் முக்கால் நூற்றாண்டுப் பழைய மார்க்கோ போலோவின் புத்தகமே சாட்சி. 1570-இல் வரைபடக் கலைஞர் ஆர்ட்டீலியஸ் வெளியிட்ட தார்த்தாரி வரைபடமும் அந்த உள்நிலத்தை மகா கானின் நாடு என்றே அழைத்தது. அதில் கானுக்கு ஒரு கூடாரம்.

அந்த நிலத்தின் பெரும்பகுதியை நேரில் அளக்கும் பணி 1708-இல் தொடங்கியது. சீனப் பேரரசர் காங்ஷிக்காக ஏசு சபைப் பாதிரியார்கள் செய்த வேலை அது. அதை வைத்து பிரெஞ்சு வரைபடக் கலைஞர் டான்வில் வரைந்த படங்கள் 1735-இல் பாரிஸில் வெளிவந்தன.