பழைய வேனில் தீ: தடுப்பதும் அணைப்பதும்



ஜெர்மனியில் 1950ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கிய வோக்ஸ்வேகன் வேனை நாம் சாலைகளில் பார்த்திருப்போம். அதில் படுக்கையும் அடுப்பும் பொருத்திக் குடும்பத்தோடு பயணம் போகிறவர்களும் உண்டு. இந்தப் பழைய வேன்களில் இயந்திரம் பின்பக்கம் இருக்கிறது. அங்கே தீப்பிடித்தால் முன்னால் இருக்கும் ஓட்டுநருக்கு உடனே தெரியாது. பின்னால் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கோ தீ மிக அருகில் இருக்கும்.

தீ எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஒரு சிறு ரப்பர் குழாயிலிருந்து. தொட்டியிலிருந்து இயந்திரத்துக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாய் அது. ரப்பரின் குணம் நமக்குத் தெரியாததா? சூட்டினாலும் வயதினாலும் அது இறுகி வெடிப்பு விடும். அதில் கசியும் பெட்ரோல், சூடான இயந்திரத்தின் மீதோ மின்பொறி உண்டாகும் இடத்திலோ பட்டால் பற்றிக்கொள்ளும்.

ஆகவே, இயந்திரம் ஆறியிருக்கும்போது அடிக்கடி மூடியைத் திறந்து குழாய்களை வளைத்துப் பார்க்க வேண்டும். வெடிப்போ ஈரமோ பெட்ரோல் வாடையோ இருந்தால், சரிசெய்யும்வரை வேனை எடுக்கவே கூடாது. கைக்குக் கிடைத்த குழாயை மாட்டுவதும் தவறு. பால்மரத்திலிருந்து வரும் ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். பெட்ரோலுக்கென்றே செய்த செயற்கை ரப்பர் குழாயைக் கேட்டு வாங்கி, இரு முனையிலும் கிளிப் போட்டு இறுக்க வேண்டும்.

ஓடும்போது பின்னால் புகை கண்டால் என்ன செய்வது? வேனை ஓரமாக நிறுத்தி, உடனே இயந்திரத்தை அணைக்க வேண்டும். இயந்திரத்தைக் குளிரவைக்கும் காற்றாடி, சுழலும்வரை தீயையும் ஊதிவிடும். அடுத்து, எல்லாரையும் இறக்கித் தூரமாக அனுப்பிவிட்டு 999க்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீரில் மிதந்து தீயைப் பரப்பும். மேலும், இந்த இயந்திரத்தின் கூடு மக்னீசியக் கலப்பு உலோகம். அது பற்றிக்கொண்ட பிறகு தண்ணீர் பட்டால் இன்னும் சீறி எரியும்.

தூள் அடைத்த தீயணைப்புக் கருவியை ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்போம். தீ சிறிதாக இருந்தால் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். மூடியை அகலத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ எழும்பும். சிறு இடுக்கு வழியாகத் தீயின் அடிப்பாகத்தை நோக்கி அடிக்க வேண்டும். அணையாவிட்டால் விலகிவிடுவதே அறிவு. வேன் போனால் போகட்டும், ஆட்கள் பிழைத்தால் போதும்.

நேயர்களே, குழாயின் விலை சில வெள்ளிதான். அதை நேரத்தோடு மாற்றுவோம்.