பரீட்சை விலக்கும் பயிலும் உரிமையும்

பல ஆண்டுகள் பள்ளிக்குச் சென்று, விதித்த பாடங்களையெல்லாம் கற்று முடித்த ஒரு மாணாக்கனை, ஒரே பரீட்சையில் தேறவில்லை என்பதற்காகப் பட்டயமின்றி அனுப்பிவிடுவது நியாயமாகுமா என்ற வினா, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டு, ஆங்கிலத்திலும் கணிதத்திலும் நடத்தப்பெற்ற பள்ளியிறுதிப் பரீட்சை, 2006-இல் பள்ளி முடிப்போர் முதலாகக் கட்டாயமாயிற்று. மாற்றுத்திறனாளி மாணாக்கர் சார்பில் 2001-இல் தொடுக்கப்பட்ட வழக்கை ஒட்டி, 2006, 2007 ஆண்டுகளில் முடித்தோருக்குத் தற்காலிக விலக்கும், 2009-10 கல்வியாண்டு முதல், ஏனைய நிபந்தனைகளை நிறைவேற்றிய சிறப்புக் கல்வி மாணாக்கருக்குப் பொதுவான விலக்கும் அளிக்கப்பட்டன. 2015-இல் அப்பரீட்சையே எல்லோருக்கும் நிறுத்தப்பட்டது.

இவ்விலக்கைத் தயவு என்று கருதுவது தவறு. எழுத்துக்களைக் கோத்துப் படிப்பதில் இடர்ப்படும் பிள்ளை, தான் அறிந்ததை அச்சிட்ட வினாத்தாளின் வாயிலாகவே நிரூபிக்க வேண்டுமென்றால், அங்கே அளக்கப்படுவது அப்பிள்ளையின் குறைபாடே. கற்பிக்காததைக் கேட்டுப் பட்டயத்தை மறுத்தல் ஆகாது என்று, ப்ளோரிடா மாநில வழக்கொன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981-இலேயே கூறியுள்ளது.

ஆயினும், விலக்கோடு அபாயமும் உடன்வரும். பரீட்சை இல்லை என்றதும் போதனையில் சிரத்தை குறையலாம். பட்டயத்துக்குப் பதிலாக, மேற்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் அதற்கீடாகாத வெறும் நிறைவுச் சான்றிதழ் கையில் தரப்படலாம். முழுப் பட்டயம் பெற்ற அன்றே, வயது வரம்பு வரை நீடித்திருக்கக்கூடிய இலவசச் சிறப்புக் கல்வி உரிமை முடிந்துவிடுகிறது என்பதும் பலர் அறியாத விஷயம்.

ஆகையால், அந்நாட்டில் வாழும் தமிழ்ப் பெற்றோர், ஐ.இ.பி. எனப்படும் தனிக் கல்வித் திட்டக் கூட்டத்தைப் பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் சேரும்போதே எழுத்து மூலம் கோரி, கிடைக்கப்போவது பட்டயமா சான்றிதழா என்பதைத் தெளிவாகக் கேட்டறிய வேண்டும். ஆங்கிலத்தில் தயக்கமுள்ளவர்க்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை. பட்டயமளித்துச் சேவையை முடிக்குமுன் பள்ளி எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். உடன்பாடில்லையேல் சமரசம் நாடலாம், அல்லது பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் முறைப்படி விசாரணை கோரலாம். விசாரணை முடியும்வரை பிள்ளை இருந்த ஏற்பாட்டிலேயே தொடரும் உரிமையும் உண்டு.

பரீட்சையிலிருந்து விலக்குப் பெறுங்கள்; கற்பிக்கும் கடமையிலிருந்து பள்ளிக்கு மட்டும் ஒருநாளும் விலக்கு அளிக்காதீர்கள்.