மேள வட்டம்

மேள வட்டம் என்பது பலர் வட்டமாக அமர்ந்து, முன்பயிற்சியோ எழுதிய இசைக்குறிப்போ இன்றி, ஒன்றாக மேளம் கொட்டும் கூட்டுச் செயற்பாடு ஆகும். ஆங்கிலத்தில் இது டிரம் சர்க்கிள் எனப்படுகின்றது. பறையாட்டம், செண்டை மேளம் போன்றவற்றில் கலைஞர் வேறு, பார்வையாளர் வேறு. மேள வட்டத்திலோ வந்தவர் அனைவரும் கொட்டுபவரே. மன உளைச்சலைத் தணிக்கவும் பிறரோடு பிணைப்பை ஏற்படுத்தவும் இது உதவும் என்று கூறப்படுவதற்கு இந்த வேறுபாடே முதன்மைக் காரணம் எனலாம்.

வரலாறு

கூடிக் கொட்டுதல் மேற்கு ஆப்பிரிக்காவின் தொன்மையான வழக்கங்களுள் ஒன்று. அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டோருடன் அது அமெரிக்காவை அடைந்தது. மேளம் மக்களைத் திரட்டவல்லது என்பதை அடிமை உரிமையாளர்கள் அறிந்திருந்தனர். 1739 இல் தென் கரோலினாவின் இசுட்டோனோ ஆற்றருகே கிளர்ந்தெழுந்த அடிமைகள் மேளம் முழங்கச் சென்றனர். அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் அடிமைகள் மேளம் வைத்திருப்பதையே தடை செய்தது. நியூ ஓர்லியன்சு நகரில், 1817 ஆம் ஆண்டுக் கட்டளைப்படி, அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கூடலாம். பின்னர் காங்கோ சதுக்கம் எனப் பெயர் பெற்ற அத்திடலில் ஆப்பிரிக்க மேளமும் ஆடலும் நிகழ்ந்தன.

இன்றைய மேள வட்டம் 1960கள், 1970களில் அமெரிக்க மாற்றுப் பண்பாட்டு இளைஞரிடையே உருவானது. நைஜீரியரான பாபாதுண்டே ஒலாதுஞ்சி 1960 இல் வெளியிட்ட இசைத்தட்டு மேற்கு ஆப்பிரிக்க மேளத்தை அங்கு பரவலாக அறிமுகப்படுத்தியது. 1991 இல் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் மேளக் கலைஞர் மிக்கி ஆர்ட், முதியோருக்கு மேளம் எவ்வாறு பயன்படும் என்பது குறித்து அமெரிக்க செனட்டின் முதியோர் குழு முன் சாட்சியம் அளித்தார். ஆயினும் இதனை "ஆப்பிரிக்க மேளம்" என அழைப்பது பொருந்தாது. சிறு வயது முதல் பயின்று பெறும் அம்மரபின் தேர்ச்சி இங்கு எதிர்பார்க்கப்படுவதில்லை.

நடைபெறும் முறை

கிண்ண வடிவ மரக்கூட்டில் ஆட்டுத்தோல் போர்த்திய செம்பே மேளம் மிகுதியாகப் பயன்படுகின்றது. தோலின் நடுவில் அடித்தால் தாழ்ந்த ஒலியும் விளிம்பில் அடித்தால் உயர்ந்த ஒலியும் எழும். ஒரு பெரிய மேளம் சீரான அடியைத் தாங்கி நிற்கும். ஏனையோர் அதன்மேல் தமக்கு இயன்றதைச் சேர்ப்பர். தயங்குபவர் கையில் கிலுகிலுப்பையைக் கொடுப்பது வழக்கம். வழிநடத்துபவர் நடுவில் நின்று சைகையால் வேகத்தைக் கூட்டுவார், ஒரு பகுதியினரை நிறுத்துவார், மற்றவரைத் தொடரச் செய்வார். தவறான அடி என்று ஒன்று இல்லாததால், புதியவர் சில நிமிடங்களிலேயே கூட்டத்தின் தாளத்தில் இணைந்துவிடுவார்.

மனநலத்துடன் தொடர்பு

2009 இல் வெளியான கிர்ச்னர், தோமசெல்லோ ஆகியோரின் ஆய்வில், மழலையர் இயந்திரத்தைவிட ஒரு மனிதருடன் சேர்ந்து கொட்டும்போதே தாளத்தை நன்கு பிடித்தனர். தாளம் பிறரை நோக்கியது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை. 2012 இல் ராபின் டன்பார் குழுவினர், பாடியும் ஆடியும் மேளம் கொட்டியும் முடித்தவர்களிடம் வலி தாங்கும் திறன் உயர்ந்திருந்ததைக் கண்டனர். இசையைக் கேட்டு மட்டும் இருந்தவர்களிடம் அவ்வுயர்வு காணப்படவில்லை. உடலில் எண்டோர்பின் சுரப்பதன் அறிகுறியாக இதனை அவர்கள் கொண்டனர்.

மனநலச் சேவை பெறுவோரிடம் இலண்டனில் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வு குறிப்பிடத்தக்கது. பத்து வாரம் மேளம் கொட்டிய 31 பேரிடம் ஆறாம் வாரத்திலேயே மனச்சோர்வு குறைந்தது. பத்தாம் வாரத்தில் பதற்றமும் குறைந்திருந்தது. மூன்று மாதம் கழித்தும் இம்மாற்றங்கள் நீடித்தன. எனினும் ஒப்பீட்டுக் குழுவில் 15 பேரே இருந்தனர். பங்கேற்பாளர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவுமில்லை. பயன் மேளத்தால் வந்ததா, வாரந்தோறும் ஒரு குழுவைச் சந்தித்ததால் வந்ததா என்பதை இவ்வாய்வைக் கொண்டு உறுதியாகப் பிரித்தறிய இயலாது. மேள வட்டம் எந்நோயையும் குணப்படுத்தும் என விளம்பரப்படுத்துவோர் இதனைக் கூறுவதில்லை. மருத்துவத்திற்குத் துணையாகக் கொள்ளலாமே தவிர, மாற்றாகக் கொள்ளலாகாது.

கவனிக்க வேண்டியவை

மூடிய அறையில் பல மேளங்கள் சேர்ந்து எழுப்பும் ஒலி செவியைப் பாதிக்கக்கூடும். காதடைப்பான் அணிவது நன்று. கொட்டுமுன் மோதிரங்களைக் கழற்றிவிட வேண்டும். பேரொலியைத் தாங்க இயலாதோர் வாயிலருகே அமர்ந்தால் வேண்டியபோது எழுந்து செல்லலாம்.