பவளத்திட்டைப் பங்குபோட்ட கணக்கு

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் கடல் பூங்கா சுமார் 3,44,400 சதுர கிலோமீட்டர் பரப்பு கொண்டது. 2004 ஜூலை 1-க்கு முன்பு அதில் மீன்பிடிக்கு முழுத் தடை இருந்த பகுதி 5 சதவீதம்கூட இல்லை. அன்றைக்கு அது ஏறக்குறைய 33 சதவீதமானது. எதை மூடுவது, எதை மீனவர்களுக்கு விடுவது என்று முடிவெடுக்க உதவியவற்றில், மிகச் சிறந்த தேர்வைத் தேடும் உகப்பாக்கக் கணிதமும் ஒன்று.

உயிரினங்கள் மிகுந்த இடங்களாகப் பொறுக்கி எடுத்தால் போதாதா? போதாது. அப்படிப்பட்ட இரண்டு திட்டுகளிலும் ஒரே வகை உயிரினங்கள் இருந்தால், இரண்டாவதைக் காப்பதில் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. யாரும் படம் எடுக்காத சேற்றுத்தரையும் கடற்புல் வெளியும் விடுபட்டுப்போகும். ஏற்கெனவே எடுத்ததில் எது இல்லையோ, அது உள்ள இடத்தைச் சேர்க்க வேண்டும். அதனால்தான் பூங்காவை 70 உயிர்ச்சூழல் வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதம் காக்கப்பட வேண்டும் என்றார்கள். அதோடு, மீன்பிடிப்புக்கு வரும் இழப்பும் முடிந்தவரை குறைய வேண்டும்.

சொல்வது எளிது. பூங்காவைச் சுமார் 17,000 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் எடுப்பதா விடுவதா என்று பார்த்தால், சேர்மானங்களின் எண்ணிக்கையே 5,000 இலக்கங்களுக்கு மேல் நீளும். எந்தக் கணினியும் அத்தனையையும் சோதித்து முடிக்காது. இதற்குப் பயன்பட்ட, இயன் பாலும் ஹியூ பாசிங்ஹாமும் உருவாக்கிய ‘மார்க்சான்’ மென்பொருள், காய்ச்சிய இரும்பைக் கொல்லர் மெல்ல ஆறவிடுவதுபோல வேலை செய்கிறது. தொடக்கத்தில், நிலைமையை மோசமாக்கும் மாற்றங்களையும் அவ்வப்போது ஏற்கிறது, போகப்போகக் கறாராகிறது. முதலில் கிடைத்த சுமாரான விடையிலேயே சிக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

துண்டுகள் சிதறிக் கிடந்தால் காவல் காப்பது கடினம். ஆகவே எல்லைக்கோட்டின் நீளத்தையும் செலவாகக் கணக்கில் சேர்க்கிறார்கள். அதன் மதிப்பை ஏற்றினால் துண்டுகள் ஒன்றுசேரும்.

என் பார்வையில் இதன் பெரிய பயன், ஒரே விடையைக் கொடுக்காததுதான். திரும்பத் திரும்ப ஓட்டினால் ஏறக்குறைய சமமான பல வரைபடங்கள் கிடைக்கும். எல்லாவற்றிலும் வரும் துண்டை விட்டுக்கொடுக்க முடியாது. எப்போதாவது வருவதற்கு மாற்று உண்டு. பேச்சுவார்த்தையில் இதைவிட வேறென்ன வேண்டும்? பொதுமக்களிடமிருந்து 31,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. அவற்றையும் பார்த்து, இறுதிக் கோடுகளை மனிதர்களே வரைந்தார்கள். அந்த 20 சதவீதமும் கணினி சொன்னதல்ல, வல்லுநர்களின் தீர்ப்பு.

இன்று முழுஎண் நிரலாக்கம் என்ற கணித முறை, கிடைத்த விடை மிகச் சிறந்ததற்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதையும் சொல்லிவிடுகிறது. ஆனால் தப்பான செலவுக் கணக்கை அதனாலும் திருத்த முடியாது. பவளத்திட்டில் நடந்ததே சாட்சி: பாதிக்கப்பட்ட மீன்பிடித் தொழிலுக்கான அரசின் உதவித்தொகை, முதலில் மதிப்பிட்டதை எங்கோ தாண்டி 20 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போனது.