பயணத்துக்கேற்ற முக்காலி

நாற்காலி ஆடுவதுண்டு, முக்காலி ஆடுவதில்லை. தரை எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும் மூன்று கால்களும் ஒருங்கே தரையில் ஊன்றி நிற்கும். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளின் வழியே ஒரு தளம், ஒரே ஒரு தளம்தான் செல்ல முடியும் என்னும் வடிவகணித உண்மையே இதற்குக் காரணம். நான்காவது கால் அந்தத் தளத்தில் விழாவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. நம் முன்னோர் அடுப்புக்கு மூன்று கல் வைத்ததும், நில அளவையர் தம் கருவிக்கு மூன்று கால் வைப்பதும் இந்த உண்மையை ஒட்டியே.

ஒளிப்படக் கருவிக்கும் அதே முக்காலிதான். பயணத்தின்போது தூக்கிச் செல்ல இலேசாகவும், மாணவர் ஒருவர் வாங்கக்கூடிய விலையிலும், அதே சமயம் அசையாமலும் இருக்கும் முக்காலியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இந்த மூன்று பண்புகளும் ஒன்றோடொன்று முரண்படுபவை. எதை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று அறிய, முக்காலியின் இயக்கவியலைச் சற்று அறிந்திருக்க வேண்டும்.

முக்காலி ஏன் வேண்டும்?

கேமராவைக் கையில் பிடித்துப் படமெடுக்கும்போது ஷட்டர் திறந்திருக்கும் நேரம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு எளிய விதி ஒன்று உண்டு. 35 மி.மீ. கேமராவில் வில்லையின் குவியத் தொலைவு 50 மி.மீ. என்றால் 1/50 நொடி; 200 மி.மீ. என்றால் 1/200 நொடி. அதற்கு மேல் நேரம் நீண்டால் கை நடுக்கம் படத்தில் பதிந்துவிடும். இன்றைய கேமராக்களிலும் கைபேசிகளிலும் நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு இருப்பதால் இந்த எல்லை சற்றுத் தள்ளிப் போயிருக்கிறது. ஆனால் கோவைக் குற்றாலத்தின் அருவி பட்டுத்துணிபோல் தோன்ற அரை நொடி வேண்டும். போத்தனூர் சந்திப்பின் சிக்னல் விளக்குகளை இருள் கவிந்த பின் படமெடுக்கச் சில நொடிகள் வேண்டும். விண்மீன்களின் சுழற்சியைப் பதிக்கவோ பல நிமிடங்கள் வேண்டும். இங்கெல்லாம் கை உதவாது.

எவ்வளவு சிறிய அசைவு படத்தைக் கெடுக்கும்? பிம்பம் 1/100 மி.மீ. நகர்ந்தால் படத்தின் கூர்மை குறைவது கண்ணுக்குத் தெரியும் என்று கொள்வோம். 200 மி.மீ. வில்லையில் அதற்குக் கேமரா சாய வேண்டிய அளவு மிகமிகச் சிறியது: 1 மீட்டர் உயரக் கோலின் நுனி 1/20 மி.மீ. நகர்ந்தால் எவ்வளவு சாயுமோ அவ்வளவுதான்! ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமனில் பாதி. ஆகவே கண்ணுக்கு அசையாமல் நிற்கும் முக்காலி, கேமராவின் கணக்கில் ஆடிக்கொண்டிருக்கக்கூடும்.

தமிழகத்தில் முக்காலியின் அருமையைக் காட்டும் பழைய சான்று ஒன்று உண்டு. 1857–58-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைக் காகித எதிர்ப்படங்களில் பதிவு செய்தார். அன்றைய முறையில் கையில் பிடித்து எடுக்க வழியே இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். ஒவ்வொரு படத்துக்கும் கேமராவை நகர்த்தி, உயரமும் மட்டமும் மாறாமல் நிறுத்தினால்தானே எழுத்துகளின் வரிகள் ஒன்றோடொன்று பொருந்தும்?

ஆடிக் காற்றும் ஒரு கணக்கும்

கோவைக்குத் தெற்கே அமைந்த போத்தனூர், பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் இருக்கும் ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலமுள்ள இந்த இடைவெளி வழியே தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் பாய்ந்து வருகிறது. உடுமலை, பல்லடம் பக்கங்களில் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்கும் இதுவே காரணம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் ஒன்றரைக் கிலோ முக்காலி எம்மாத்திரம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முக்காலியின் எடை 1.2 கி.கி.; கேமராவின் எடை 1 கி.கி.; கேமரா இருக்கும் உயரம் 140 செ.மீ. என்க. விரித்த நிலையில் ஒவ்வொரு பாதமும் மையத்திலிருந்து 50 செ.மீ. தள்ளி நிற்கிறது. ஆனால் முக்காலி கவிழ்வது பாதத்தின் மேலாக அன்று. இரு பாதங்களை இணைக்கும் கோட்டின் மேலாகவே. அந்தக் கோடு மையத்திலிருந்து 25 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. எனவே கவிழாமல் காக்கும் திருப்புத்திறன் 2.2 × 25 = 55 கி.கி.–செ.மீ.

இனிக் காற்று. அது மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வீசும்போது, 15 செ.மீ. நீள அகலமுள்ள கேமராவின் மீது சுமார் 140 கிராம் எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். 140 செ.மீ. உயரத்தில் அதன் திருப்புத்திறன் ஏறக்குறைய 20. முக்காலி விழாது. வேகம் இரு மடங்காகி மணிக்கு 72 கி.மீ. ஆனால் விசை இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். ஏனெனில் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இப்போது திருப்புத்திறன் சுமார் 78. முக்காலி கேமராவோடு கவிழும். கால்களின் மீதும் கழுத்துப்பட்டையின் மீதும் படும் காற்றைச் சேர்த்தால் இன்னும் முன்னதாகவே கவிழும்.

பரிகாரம் என்ன? கனமான முக்காலி வாங்குவது ஒரு வழி. ஆனால் பயணிக்கு அதைவிட நல்ல வழி உண்டு. முக்காலியின் நடுத்தண்டின் அடியில் உள்ள கொக்கியில் 2 கி.கி. எடையுள்ள தோள்பையைத் தொங்கவிடுங்கள். காக்கும் திருப்புத்திறன் 4.2 × 25 = 105 ஆகிவிடுகிறது. பை ஊஞ்சலாடாமல் அதன் அடி தரையை இலேசாகத் தொடட்டும். எடையை ஊரிலிருந்து சுமந்து வர வேண்டியதில்லை. தண்ணீர்ப் புட்டியும் கல்லும் எங்கும் கிடைக்கும். ஆகவே, கொக்கி இல்லாத இலேசான முக்காலியை வாங்காதீர்கள்.

இன்னொன்றும் செய்யலாம். ஒரு காலைக் காற்று போகும் திசையை நோக்கி வையுங்கள். அப்போது காற்று கவிழ்க்கும் கோட்டுக்குச் சாய்வாகத் தள்ளுவதால் அதன் விசையில் பாதியே கவிழ்ப்பதற்குப் பயன்படும். ஒரு பைசாச் செலவின்றி முக்காலியின் உறுதி இரு மடங்காகிறது. நீண்ட வில்லை மாட்டியிருந்தால் அதற்கு நேர் கீழே ஒரு கால் இருப்பதும் நல்லது.

கால்களின் பருமனும் கணுக்களும்

கால் ஒரு குழாய். ஒரே கனமுள்ள தகட்டில் செய்த இரு குழாய்களில் ஒன்றன் விட்டம் 20 மி.மீ., மற்றதன் விட்டம் 25 மி.மீ. என்க. இரண்டாவதன் எடை முதலாவதைவிடக் கால் பங்கே அதிகம். ஆனால் வளையாத தன்மையோ ஏறத்தாழ இரு மடங்கு! விட்டத்தின் மும்மடியைப் பொறுத்து அது கூடுவதே காரணம். எனவே எடையைக் குறைக்க மெல்லிய கால்களை நாடுவது நட்டக் கணக்கு. தேவையில்லாத உயரத்தைக் குறைப்பதே இலாபம்.

கால்களில் எத்தனை கணுக்கள் இருக்கலாம்? ஒவ்வொரு கணுவும் மேலுள்ளதற்குள் நுழைய வேண்டியிருப்பதால் அதைவிடச் சில மி.மீ. மெலிந்திருக்கும். மூன்று கணுக் கால் உறுதியானது. ஆனால் மடித்தாலும் நீளமானது. ஐந்து கணுக் கால் கைப்பையில் அடங்கும். ஆனால் அதன் கடைசிக் கணு விரல் பருமனே இருக்கும். பயணத்துக்கு நான்கு கணுக்கள் நடுவழி. மடித்த நீளம் 40 முதல் 45 செ.மீ. இருந்தால் பேருந்திலும் இரயிலிலும் இடைஞ்சல் இராது. எந்த முக்காலியானாலும் பருத்த கணுக்களை முதலில் நீட்டி, மெல்லிய கணுவைக் கடைசியாக, தேவைப்பட்டால் மட்டும் நீட்டுங்கள்.

நடுத்தண்டை உயர்த்தி உயரம் காட்டும் முக்காலிகளில் ஏமாற வேண்டாம். தண்டை உயர்த்தியதும் முக்காலியின் மேல் ஓர் ஒற்றைக்கால் நிற்பதாகப் பொருள். ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட கோலின் நீளம் இரு மடங்கானால், ஒரே விசைக்கு அது வளையும் அளவு எட்டு மடங்காகும். ஆகவே விளம்பரத்தில் உள்ள மிகை உயரத்தை விட்டு, தண்டை இறக்கிய நிலையில் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். சாய்த்துப் பார்க்கக்கூடிய திரை உள்ள கேமராவுக்கு 120 முதல் 130 செ.மீ. போதும்.

அலுமினியமா, கார்பன் இழையா?

அலுமினியத்தின் அடர்த்தி 2.7; கார்பன் இழைக் குழாயின் அடர்த்தி சுமார் 1.6. இதைக் கண்டு முக்காலியின் எடையும் அதே விகிதத்தில் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. தலை, தோள் மூட்டு, திருகுகள் எல்லாம் இரண்டிலும் உலோகமே. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் பெரிது. விலையோ பல சமயம் இரு மடங்குக்கு மேல். கார்பன் இழை அதிர்வை விரைவில் அடக்கும். உதகையின் பனிக்காலக் காலையில் கையைச் சுடுவதுபோல் குளிராது. ஆனால் பலமாக அடிபட்டால் அலுமினியம் நெளியும். கார்பன் இழை பிளந்துவிடும். அன்றாடம் மலையேறுபவர் தவிர மற்றவர்க்கு அலுமினியமே போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல தலைக்குச் செலவிடலாம். பந்துத்தலை இலேசானது, விரைவில் திருப்பலாம். பயணத்துக்கு அதுவே ஏற்றது. அசைபடம் எடுப்போர்க்குக் கைப்பிடியுள்ள தலை வசதி.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

1. கால்களை முழுதும் நீட்டி, தலையின் மேல் உள்ளங்கையால் அழுத்துங்கள். பூட்டுகள் நழுவக் கூடாது.

2. தலையைப் பிடித்து இலேசாக முறுக்குங்கள். மூட்டுகளில் தளர்வு இருந்தால் அப்போதே தெரியும்.

3. கைபேசியை மேலே பொருத்தி, திரையில் தொலைவுப் பொருளைப் பெரிதாக்கிக் காட்டச் செய்து, ஒரு காலை விரலால் சுண்டுங்கள். பிம்பம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். இரு முக்காலிகளை ஒப்பிட இதைவிடச் சிறந்த சோதனை இல்லை.

4. தாங்கும் எடை என்று அச்சிட்டிருப்பதை முழுதும் நம்ப வேண்டாம். அதை அளக்க எல்லாரும் ஏற்ற பொதுமுறை கிடையாது. கேமராவும் வில்லையும் சேர்ந்த எடையைப் போல் இரு மடங்காவது இருக்கட்டும்.

5. கேமராத் திருகு கால் அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 20 இழைகளும் கொண்டதா என்று பாருங்கள். தொலைந்தால் 6 மி.மீ. திருகை மாட்டிச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். அதன் விட்டமும் இழை இடைவெளியும் வேறு. கேமரா நழுவும், இழையும் கெடும்.

பணம் இல்லாதபோது

கால் அங்குலத் திருகு ஒன்றில் ஆள் உயரக் கயிற்றைக் கட்டிக் கேமராவில் மாட்டுங்கள். கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்து, கேமராவை மேல்நோக்கி விறைப்பாக இழுத்துப் பிடித்தால் செங்குத்து நடுக்கம் பெருமளவு குறையும். துணிப்பையில் ஒரு கிலோ பயறு நிரப்பி மதில்மேல் வைத்தால் அதுவும் கேமராவை அணைத்துப் பிடிக்கும். எந்தத் தாங்கியானாலும் பொத்தானைக் கையால் அழுத்தாமல், இரண்டு நொடி தாமதித்துத் திறக்கும் அமைப்பைப் பயன்படுத்துங்கள்.

ஓர் எச்சரிக்கை

போத்தனூர் போன்ற மின்மயமான நிலையங்களில் இருப்புப் பாதைக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்னழுத்தம் உண்டு. அலுமினியம் மின்கடத்தி, கார்பன் இழையும் மின்கடத்தியே என்பதைப் பலர் அறியார். இத்தகைய கம்பியிலிருந்து 2 மீட்டருக்குள் உடலோ பொருளோ செல்லக் கூடாது. தொட வேண்டும் என்பதுகூட இல்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயக்கூடும். நடைமேம்பாலத்தில் நீட்டிய முக்காலியை உயர்த்தவோ, கம்பிப்பக்கம் நீட்டவோ வேண்டாம். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் திறக்கப்பட்ட மலை இரயிலைப் படமெடுக்கச் செல்வோரும் பாதையின் மேல் முக்காலியை விரிக்கக் கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி தேவை.

கடற்கரைக்குச் சென்று வந்தால் கால்களை நல்ல நீரில் கழுவி, கணுக்களை நீட்டி உலர்த்துங்கள். உப்பும் மணலுமே பூட்டுகளின் பகை.

சுருங்கச் சொன்னால், ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ எடை, நான்கு பருத்த கணுக்கள், அடியில் கொக்கி, மேலே உறுதியான தலை: இவை அமைந்த அலுமினிய முக்காலி மாணவர் ஒருவரின் பயணத்துக்குப் போதுமானது. விலையுயர்ந்த முக்காலியை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வதைவிட, எளிய முக்காலியை உடன் கொண்டு சென்று, காற்றின் திசையறிந்து ஊன்றுவதே மேல்.