முதுமையில் ஆண்களின் தாம்பத்தியக் குறைபாடு: மௌனத்துக்குள் மறையும் நோய்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வைத்தியசாலைகளில் நீரிழிவுக்கும் உயர் குருதி அமுக்கத்துக்கும் மாதந்தோறும் மருந்து பெற்றுச் செல்லும் ஆண்கள் ஏராளம். முழங்கால் நோவு, கண் மங்கல், பாத எரிவு என அனைத்தையும் வைத்தியரிடம் எடுத்துரைக்கும் இவர்களுள் பலர், ஒரு விடயத்தை மட்டும் வாய் திறந்து கூறுவதில்லை. மனைவியுடனான தாம்பத்திய உறவில் தமக்கு ஏற்பட்டுள்ள இயலாமையே அது. "பேரப்பிள்ளை கண்ட வயதில் இதைப் போய்க் கேட்டால் என்ன நினைப்பார்களோ" என்ற கூச்சம் நாவைக் கட்டிவிடுகின்றது. பின்னால் நீண்ட வரிசை காத்திருக்க, வைத்தியரும் கேட்பதில்லை. நோயாளி மருந்துப் பையுடன் வீடு திரும்புகின்றார்.

இந்த மௌனத்தை நமது பண்பாட்டின் அடக்கம் என்று எண்ணி நாம் அமைதி கொள்ள முடியாது. முதிய வயதில் ஆண்களுக்கு ஏற்படும் இக்குறைபாடு, பெரும்பாலான வேளைகளில் உடலினுள் வளர்ந்துவரும் வேறொரு நோயின் அறிகுறியாகும். சில வேளைகளில் அதுவே மாரடைப்புக்கு முன்னர் உடல் விடுக்கும் முதல் எச்சரிக்கையும் ஆகும். எனவே இதனை வெட்கத்துக்குரிய விடயமாக அல்லாமல், உயிரோடு தொடர்புடைய விடயமாகவே நாம் நோக்க வேண்டியுள்ளது.

வயது ஏறும்போது உடலின் எல்லாத் தொழிற்பாடுகளும் வேகம் குறைகின்றன. 40 வயதின் பின்னர் டெஸ்டோஸ்டிரோன் எனப்படும் ஆண் ஓமோனின் அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 வீதம் குறைகின்றது. கிளர்ச்சி தோன்றக் கூடுதல் நேரம் எடுப்பதும், ஒருமுறைக்கும் மறுமுறைக்கும் இடைவெளி நீள்வதும் இயல்பானவையே. ஆயினும், விருப்பம் இருந்தும் உறவுக்குப் போதிய விறைப்பு ஏற்படாமலோ நிலைக்காமலோ போவது மாதக்கணக்கில் தொடருமாயின், அதனை முதுமையின் இயல்பு என்று ஒதுக்கிவிடலாகாது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1987 முதல் 1989 வரை 40 - 70 வயது ஆண்களிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்றில், 52 வீதமானோர் ஏதோவோர் அளவில் இக்குறைபாட்டைக் கொண்டிருந்தமை தெரியவந்தது. ஆகவே இது எவரோ ஒருவருக்கு மட்டும் நேர்ந்த விதி அன்று.

விறைப்பு என்பது அடிப்படையில் குருதியோட்டத்தின் செயலாகும். மூளையில் எழும் தூண்டல் முண்ணாண் வழியாக நரம்புகளை அடைகின்றது. நரம்பு முனைகளும் குருதிக் குழாய்களின் உட்சுவரும் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. அது ஆணுறுப்பின் நாடிகளைத் தளரச் செய்ய, குருதி உள்ளே பாய்ந்து நிறைகின்றது. குருதிக் குழாய்களில் இவ்வாயு ஆற்றும் பணியைக் கண்டறிந்தமைக்காகவே பேர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இப்போது நோய்களுக்கு வருவோம். நீண்டகால நீரிழிவு நரம்புகளையும் குருதிக் குழாய்களின் உட்சுவரையும் ஒருங்கே சிதைக்கின்றது. உயர் குருதி அமுக்கம், மிகையான கொலஸ்திரோல், புகைத்தல் ஆகியன நாடிகளைத் தடிக்கச் செய்து ஒடுக்குகின்றன. இதயத்துக்குக் குருதி கொண்டு செல்லும் நாடிகளின் விட்டம் 3 முதல் 4 மில்லிமீற்றர் ஆகும். ஆணுறுப்பின் நாடிகளோ 1 முதல் 2 மில்லிமீற்றர் அளவே கொண்டவை. உடல் முழுவதும் பரவும் அடைப்பு, சிறிய குழாயிலேயே முதலில் தன்னைக் காட்டிக்கொள்ளும். இதயநோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே பலருக்கு இக்குறைபாடு தோன்றிவிடுவதன் காரணம் இதுவே. நெஞ்சு நோவு எதுவும் இல்லாத ஒருவர் இதற்காக வைத்தியரை நாடினால், அவரது சீனி, கொலஸ்திரோல், இதயம் ஆகியன உரிய வேளையில் பரிசோதிக்கப்படும். நாடாதவருக்கு அந்த வாய்ப்பு கைநழுவிப் போகின்றது.

வேறு காரணங்களும் உள. குருதி அமுக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் வழங்கப்படும் சில மருந்துகள், முன்னிற்கும் சுரப்பியில் செய்யப்படும் சத்திரசிகிச்சை, மிகையான மதுபானம், உடற்பருமன் ஆகியன அவற்றுட் சில. மருந்தே காரணம் என ஐயுறுபவர் அதனைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. குருதி அமுக்கம் திடீரென உயர்ந்து பாரிசவாதத்தில் முடியக்கூடும். வைத்தியரிடம் கூறினால் மாற்று மருந்து கிடைக்கும்.

மனமும் ஒரு காரணமாகும். போர், இடப்பெயர்வு, பிள்ளைகளின் இழப்பு என்பவற்றைத் தாங்கி முதுமை எய்திய ஒரு தலைமுறை இங்கு வாழ்கின்றது. பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்க, பெரிய வீடுகளில் இருவராகத் தனித்திருக்கும் தம்பதியர் ஊருக்கு ஊர் உள்ளனர். உறக்கமின்மையும் மனச்சோர்வும் இவர்களிடம் சாதாரணமாகவே காணப்படுகின்றன. அதிகாலை உறக்கத்தில் இயல்பான விறைப்பு ஏற்பட்டும், உறவின்போது மட்டும் இயலாமை தோன்றுமாயின் காரணம் மனம் சார்ந்ததாக இருக்கக்கூடும். எந்நேரத்திலும் இல்லையெனில் உடல் சார்ந்த காரணத்தையே முதலில் தேட வேண்டும். இரண்டும் கலந்திருப்பதும் உண்டு.

சிகிச்சையைப் பொறுத்தவரை முதலிடம் பெறுவது வாழ்க்கை முறையே. புகைத்தலை நிறுத்துதல், சீனியையும் குருதி அமுக்கத்தையும் கட்டுப்பாட்டில் வைத்தல், எடையைக் குறைத்தல் என்பன மருந்தின்றியே பயன் தரும். வாரத்தில் நான்கு நாட்கள், ஒவ்வொரு முறையும் 40 நிமிடங்கள் வீதம் வேகமான நடை போன்ற உடற்பயிற்சியை ஆறு மாதங்கள் தொடர்ந்தால் முன்னேற்றம் காணலாம் என ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு காலத்தில் சைக்கிளிலேயே தோட்டத்துக்கும் சந்தைக்கும் சென்றுவந்த நமது மக்கள், இன்று சந்திக் கடைக்கும் மோட்டார் சைக்கிளில் செல்வதை இங்கு நினைவிற்கொள்வது தகும்.

அடுத்த நிலையில் மாத்திரைகள் உள்ளன. நெஞ்சு நோவுக்கான மருந்தாக ஆராயப்பட்ட சில்டெனாபில், எதிர்பாராத பயனைக் காட்டியதால் 1998 மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் வயாகரா என்ற பெயரில் இக்குறைபாட்டுக்கென அங்கீகரிக்கப்பட்டது. ரடலாபில் போன்றவை பின்னர் வந்தன. இவை ஆசையைத் தூண்டும் மருந்துகள் அல்ல. குருதியோட்டத்துக்கு உதவுபவை மட்டுமே. மாத்திரை பயன் தராதவர்களுக்கு ஊசி மருந்து, வெற்றிடக் கருவி, சத்திரசிகிச்சை என வேறு வழிகளும் உண்டு. ஓமோன் சிகிச்சை, குருதிப் பரிசோதனையில் குறைவு உறுதியானவர்களுக்கு மட்டுமே உரியது.

இங்கு ஒரு கடுமையான எச்சரிக்கையை நாம் கூறியாக வேண்டும். நெஞ்சு நோவின்போது நாவின் கீழ் வைக்கும் மாத்திரை உட்பட, நைத்திரேற்று வகை இதய மருந்துகளைப் பயன்படுத்துவோர் இம்மாத்திரைகளை அறவே தொடலாகாது. இரண்டும் சேரும்போது குருதி அமுக்கம் திடீரென வீழ்ந்து மரணம் நேரக்கூடும். இம்மாத்திரையை உட்கொண்டபின் நெஞ்சு நோவு ஏற்பட்டால், வெட்கத்தை விட்டு அதனை வைத்தியரிடம் முதலில் கூறவேண்டும். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காக்கும்.

கூச்சம் எங்கே உண்டோ அங்கே வியாபாரம் முளைக்கும். "இழந்த இளமையை மீட்டுத் தருகிறோம்" என்ற விளம்பரங்கள் சுவரொட்டியாகவும் கைபேசியிலும் வந்து சேர்கின்றன. பத்திரிகைகளும் இத்தகைய விளம்பரங்களுக்கு இடமளித்தே வந்துள்ளன என்பதை நாம் மறைப்பதற்கில்லை. மூலிகை எனக் கூறி விற்கப்படும் பல மருந்துகளில், உறையிற் குறிப்பிடாமல் சில்டெனாபிலே கலக்கப்பட்டிருப்பதாக அமெரிக்க மருந்து நிருவாகம் பலமுறை எச்சரித்துள்ளது. மூலிகைதானே என நம்பி உட்கொள்ளும் இதயநோயாளியின் நிலை என்னவாகும்? நாம் சித்த மருத்துவத்தைக் குறை கூறவில்லை. கைதடியில் பல்கலைக்கழக மட்டத்தில் அது கற்பிக்கப்படுகின்றது. பதிவு பெற்ற சித்த வைத்தியர்களும் நம்மிடையே உள்ளனர். அவர்களை நேரிற் கண்டு, ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளையும் கூறி ஆலோசனை பெறுவது வேறு. முகந்தெரியாதவரிடம் தபாலில் சூரணம் வாங்குவது வேறு.

இக்குறைபாட்டுக்கு நாம் இட்டுள்ள பெயரும் கேடு செய்கின்றது. வீரத்துக்கும் ஆளுமைக்கும் உரிய 'ஆண்மை' என்ற சொல்லை இதனோடு இணைத்து 'ஆண்மைக் குறைவு' என்கிறோம். நோயுற்றவர் மனிதராகவே குறைந்துவிட்டதாக எண்ணிக் குமைகின்றார். மனைவியை விட்டு விலகிப் படுக்கின்றார். காரணம் அறியாத மனைவியோ, தன் மீது வெறுப்பு வந்துவிட்டதென்று வருந்துகின்றார். மாதவிடாய் நின்றபின் பெண்ணுடலிலும் மாற்றங்கள் நேர்வதால், இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதும், இயன்றால் ஒன்றாகவே வைத்தியரிடம் செல்வதும் நலம்.

செல்வதற்கு இடம் இல்லாமலில்லை. குடும்ப வைத்தியரிடமோ, அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலோ தொடங்கலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் ஆதார வைத்தியசாலைகளிலும் மேலதிக பரிசோதனை இலவசமாகவே கிடைக்கின்றது. வைத்தியர்களிடமும் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நீரிழிவு நோயாளியிடம் கண்ணையும் பாதத்தையும் பற்றி வினவுவதுபோல் இதனையும் நீங்களே வினவுங்கள். பிறர் காதில் விழாத ஓர் ஐந்து நிமிடத்தை அவருக்கு ஒதுக்குங்கள்.

மருத்துவர் சாமுவேல் கிறீன் 1848 இலேயே யாழ்ப்பாண மண்ணில் மேலைத்தேய மருத்துவக் கல்வியைத் தொடங்கி, பின்னர் மானிப்பாயில் மனித உடலைப் பற்றிய நூல்களைத் தமிழிலேயே ஆக்கினார். உடலின் எந்தப் பகுதியையும் தமிழில் நாகரிகமாகப் பேசலாம் என்று காட்டிய மண் இது. அடுத்த முறை மருந்துக்குச் செல்லும்போது, "ஐயா, இன்னொரு விடயமும் இருக்கிறது" என்ற ஒரு சொற்றொடருடன் நமது முதியவர்கள் தொடங்கினாற் போதும். மிகுதியை வைத்தியர் பார்த்துக்கொள்வார்.